செம்பாறைக் குளிர்ச்சி விளைவு

மே 4, சனி

இன்று கத்திரி ஆரம்பம். இந்த இருபத்தைந்து நாளில் முக்கியமானதை எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. அது பொழுது போகாதவர்கள் செய்வது. இது பதிவேடு.

காலை ஒன்பது மணிக்கு செம்பாறைப் பேருந்து நிலையத்தில் என் வெப்பநிலைப் பலகை ஓடத் தொடங்கியது. விளக்குக் கம்பத்தில் பத்தடி உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் சென்சார். எதிர்ச் சுவரில் சிவப்பு எண்கள் எரியும் பலகை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு என் செல்போனுக்கும் வந்துவிடும். வணிகர் சங்கம் கேட்டது, செய்து கொடுத்தேன். தொழிற்சாலைகளில் இருக்கும் தெர்மாமீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவதுதான் என் உத்தியோகம். இந்த வட்டாரத்தில் வெப்பத்தை ஒழுங்காக அளக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது தற்பெருமை இல்லை, தகவல்.

பிற்பகல் 2.30: 40.6 டிகிரி செல்சியஸ்.

சங்கத் தலைவர் பலராமன், துணிக்கடைக்காரர், பலகையை அண்ணாந்து பார்த்தார். "இன்னா தம்பி, வெறும் நாப்பதா?"

"செல்சியஸ் சார்."

"அதெல்லாம் யாருக்கு வேணும்? நூறு தாண்டுச்சா, இல்லியா?"

"ஃபாரன்ஹீட்டுல நூத்தஞ்சு."

"அத்த போடுப்பா!"

மாட்டேன் என்றேன். நாற்பது என்று பார்த்தால் இந்த ஊர்க்காரர்களுக்கு வெயில் அடித்த மாதிரியே இல்லையாம்.

நித்திலா பற்றியும் எழுதிவிடுகிறேன், பதிவு முழுமையாக இருக்க வேண்டும். ஏப்ரல் 21 அன்று பெண் பார்த்தோம். ஊர் வடகுன்றம், இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் தரப் பரிசோதகர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் தாம்பூலம் மாற்றுவது கத்திரி கழிந்து மே 29 அன்றுதானாம். வெயிலுக்கும் தாம்பூலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் கேட்டேன். "வெத்தலை வாடிப் போயிரும்டா" என்றார். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. 600 மணி நேரம். சும்மா பெருக்கிப் பார்த்தேன்.

பெண் பார்த்த அன்று தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சம்பளம், சமையல் என்று எதையாவது கேட்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது இது: "கடைசியா எப்போ 'நான் சொன்னது தப்பு'ன்னு யார்கிட்டயாவது சொன்னீங்க?"

யோசித்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஒரு மல்டிமீட்டர் விஷயம். ஆனால் மறுநாள் திரும்பச் சோதித்ததில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. நேர்மையாக அதையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்போ அது கணக்குல வராது" என்றாள். "தேதி கெடைச்சா சொல்லுங்க."

நோக்கம் விளங்கவில்லை.

மே 5, ஞாயிறு

2.30: 40.9.

வடகுன்றம் போய்விட்டு வந்தேன். அம்மா ஆவக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தனுப்பினார். நித்திலாவின் அப்பா துரைக்கண்ணு அங்கே பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நன்னாரி சர்பத் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் தினமும் மதியம் சாக்பீஸால் அன்றைய வெயிலை எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறாராம். பேருந்தை நிறுத்தி நடத்துநரே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு நூத்திப்பத்தாம்பா!" என்று பயணிகளுக்குச் சொல்கிறார். பயணிகள் உச்சுக் கொட்டுகிறார்கள். நாலு பேர் இறங்கி சர்பத் குடிக்கிறார்கள்.

இன்று 110 என்று எழுதியிருந்தார்.

என் பலகையின் 40.9 ஃபாரன்ஹீட்டில் 105.6; பதினான்கு கிலோமீட்டரில் நாலரை டிகிரி ஏறாது. தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்டேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நல்ல பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர். ஆணியில் தொங்குகிறது. ஆணிக்கு நேர் கீழே ஐஸ் போடும் பெரிய ஃபிரிட்ஜின் பின்பக்கம், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. கை வைத்துப் பார்த்தேன். தோசை வார்க்கலாம்.

உண்மையைச் சொன்னேன். இதில் என் குற்றம் என்ன?

"சார், நீங்க இருபத்திரண்டு வருஷமா வெயிலை எழுதல. ஃபிரிட்ஜோட முதுகு சூட்டைத்தான் எழுதிட்டு இருந்திருக்கீங்க."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்து, மூக்கு வழியாக சர்பத் வந்தது. துரைக்கண்ணு சார் சிரிக்கவில்லை. ஊறுகாய் ஜாடியை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, 29ஆம் தேதி வெயில் ஜாஸ்தியா இருக்கும். உங்கம்மாவை அலைய வெக்க வேணாம்."

வெயில் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "அன்னிக்குக் கத்திரி முடிஞ்சிரும் சார்" என்றேன். பைக்கில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் சொன்னது வேறு என்று புரிந்தது.

மே 6, திங்கள்

அம்மா பேசவில்லை. ஜாடி சமையலறை மேடையில் இருக்கிறது. ஜாடியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

பேருந்து நிலையத்தில் சங்கத்தின் மோர்ப் பந்தல் இன்று திறப்பு. போகவில்லை, வேலை. பலராமன் போனில், "தம்பி, ஒன் கம்பத்தையே நடுக்காலா வெச்சி சூப்பரா கீத்துப் போட்டுட்டேன்" என்றார். தாராளமாக என்றேன். தனிக் கால் நடும் வேலை மிச்சம்.

2.30: 37.4. அட!

மே 7, செவ்வாய்

37.1. நேற்றைவிடவும் குறைவு. வடகுன்றம் கரும்பலகையில் 109 என்று நடத்துநர் மூலம் தகவல்.

காலையில் நித்திலா போன் செய்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பல் துலக்கிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா மூணு வேளையா சாப்பிடாம ஒக்காந்திருக்காரு. உங்களுக்கு எதுனா தோணுதா?"

"ஃபிரிட்ஜை நகர்த்தச் சொல்லுங்க. இல்ல, ஆணியை."

கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "சரி, கேளுங்க. எங்க லேப்ல சான்று வாங்கின தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு. கத்திரி கடைசி நாள், 28ஆம் தேதி, அதை எடுத்துட்டு வரேன். அப்பா கடையிலயும் பார்ப்பேன், உங்க பலகையிலயும் பார்ப்பேன். யாரு எவ்வளவு தப்புன்னு அன்னிக்குத் தெரிஞ்சிரும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் தொறக்கக் கூடாது. அப்பா ஒத்துக்கிட்டாரு."

"நான் சரின்னு தெரிஞ்சா?"

"அப்பா ஆணியைப் பிடுங்கிருவாரு."

"29ஆம் தேதி?"

"அதை 28ஆம் தேதி நான் சொல்றேன். நான்தானே கல்யாணம் பண்ணிக்கப் போறவ? தெர்மாமீட்டர் இல்லியே."

எனக்கு முழுச் சம்மதம். நான் சரி என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

மே 9, வியாழன்

37.0. ஊரில் கொந்தளிப்பு. இந்த மாவட்டத்திலேயே நம்ம ஊர் வெயில்தான் கொடிது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களை என் பலகை அவமானப்படுத்திவிட்டதாம். டீக்கடையில் ஒருவர் என்னை மறித்து, "முப்பத்தேழுன்னா இன்னா அர்த்தம்? நூறுகூட இல்லியா? எங்க மாமியார் ஊர்ல நான் எப்டி மூஞ்சியக் காட்டறது?" என்றார்.

கருவி பொய் சொல்லாது என்றேன்.

மே 10, வெள்ளி

செல்போனில் ஏழு நாள் அளவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் சரியாகக் காலை 11, மதியம் 1, மாலை 3 மணிக்கு வெப்பம் சடாரென்று ஒரு டிகிரி இறங்குகிறது. பிறகு மெல்ல ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது. மே 4, 5 தேதிகளில் இது இல்லை. ஆறாம் தேதி முதல்தான்.

கடற்காற்று? கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் இரண்டு மணி நேர இடைவெளியில் அலை அலையாக வருகிறது என்று வைத்துக்கொண்டால்? செம்பாறை மலையின் இடுக்கு வழியாக?

இதற்கு ஒரு பெயர் வேண்டும்.

மே 11, சனி

பெயர்: செம்பாறைக் குளிர்ச்சி விளைவு.

மே 12, ஞாயிறு

இன்று விளைவு இல்லை. 40.2. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைப்பு, பந்தலும் விடுமுறை, எல்லாம் மூடிக் கிடக்கிறது. ஆக, விளைவுக்கும் தோல் தொழிற்சாலைகளின் புகைக்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிகிறது. வார நாட்களில் புகை மேலே எழும்பி வெயிலை மறைக்கிறது. இரண்டாவது கோட்பாடாக எழுதி வைத்தேன்.

மாடியில் அம்மாவுக்கு வடாம் பிழிந்து கொடுத்தேன். தண்டனை என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எட்டுப் படி மாவு. பிழிந்த வடாம் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் பிழிந்தேன். "நித்திலாவுக்கு ஓமப்பொடி வடாம் பிடிக்குமாம்" என்றார் அம்மா, காகத்தைப் பார்த்துக்கொண்டே. அவருக்கு எப்படித் தெரியும்? இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். என்னிடம் பேசாத என் அம்மா.

மே 14, செவ்வாய்

36.9. இன்று பேருந்து நிலையத்துக்கே நேரில் போனேன், விளைவை உடம்பால் உணர்ந்து பார்க்க. மதியம் 1.10க்குப் பந்தலில் கம்பத்தை ஒட்டி நின்றேன். பிரமாதம். வெளியே நெருப்பு, உள்ளே இதமான குளிர். சந்தேகமே இல்லை, விளைவு உண்மை. மூன்று டம்ளர் மோர் குடித்தேன், இஞ்சி தூக்கல். மேலிருந்து காலரில் இரண்டு சொட்டு விழுந்தது. மோர் தளும்பியிருக்கும்.

பலராமன் கையில் ரப்பர் குழாயோடு வேர்த்து விறுவிறுத்து நின்றார். செடிக்குத் தண்ணீர் விடுகிறார் போல. நல்ல மனிதர், அறிவியல்தான் போதாது.

மே 16, வியாழன்

நித்திலாவிடம் போனில் விளைவைப் பற்றிச் சொன்னேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் அப்பாவிடம்தான். அவளிடம் பேசலாம் என்று விதியை விளக்கிக்கொண்டேன். நாற்பது நிமிடம் பேசினோம். விளைவைப் பற்றி மட்டும்.

"கரெக்டா பதினொண்ணு, ஒண்ணு, மூணா? உங்க ஊர் கடற்காத்து வாட்ச் கட்டிட்டா வருது?"

கிண்டல். பொறுத்துக்கொண்டேன்.

"பொட்டி எங்க மாட்டியிருக்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"மோர்ப் பந்தல் எங்க போட்டிருக்காங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"ஓ" என்றாள்.

பிறகு வெகுநேரம் இருமினாள். வெயில் காலச் சளி. நன்னாரி சாப்பிடச் சொன்னேன். "எங்க வீட்ல கெடைக்கும்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள்: "இருபத்தெட்டுக்கு முன்னாடி ஒரு தடவை ஏணி வெச்சி ஏறிப் பொட்டியைப் பார்த்துருங்களேன்."

இதுதான் பழைய காலத்துச் சிந்தனை. செல்போனிலேயே எல்லாம் வரும்போது ஏணி எதற்கு?

மே 17, வெள்ளி

அந்த 'ஓ' எதற்கு?

மே 18, சனி

என் கல்லூரிப் பேராசிரியருக்கு வரைபடங்களை அனுப்பியிருந்தேன். பதில் ஒரே வரி: "சென்சாருக்கு அருகில் ஈரம் ஏதாவது உண்டா?"

நானும் ஒரே வரியில் எழுதினேன்: "ஐயா, பாலாறே மணலாகக் கிடக்கிறது, இந்த ஊரில் ஈரம் என்றால் மக்களின் கழுத்துப்பட்டை மட்டும்தான்."

பெரியவர்களுக்குப் புதிய கண்டுபிடிப்பு என்றாலே ஒவ்வாமை.

மே 19, ஞாயிறு

விளைவு விடுமுறை. அம்மா பேசத் தொடங்கிவிட்டார். "வடாமை அந்தப் பக்கம் திருப்பிப் போடு."

மே 21, செவ்வாய்

நேற்றும் இன்றும் விளைவு அடியோடு நின்றுவிட்டது. 40.8, 41.1. தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டாவது கோட்பாட்டை அடித்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. பலராமனிடம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று கேட்கலாம் என்றால் அவர் மொட்டை போடத் திருப்பதி போயிருக்கிறாராம்.

மே 22, புதன்

விளைவு திரும்பிவிட்டது! 37.0! பலராமனும் மொட்டைத் தலையோடு திரும்பிவிட்டார், லட்டு கொடுத்தார். இன்று எல்லாமே நல்ல செய்தி.

மே 23, வியாழன்

ஒரு மாலைப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. "கத்திரியிலும் குளு குளு: செம்பாறையின் மர்மம். இளம் பொறியாளர் கண்டுபிடிப்பு." என் படம் போட்டிருக்கிறார்கள், கண்ணை மூடியிருக்கிறேன்.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது. 37 என்றால் கேவலம் என்றவர்கள் இப்போது பெருமைப்படுகிறார்கள். பேருந்து நிலையத்தில் "குட்டி ஊட்டி உங்களை வரவேற்கிறது" என்று பேனர். அடுத்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கி, பந்தலில் நின்று, "ஆமாம்பா, ஜிலுஜிலுன்னுதான் இருக்கு" என்று சாட்சி சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போகிறார்கள். டீக்கடைக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார். மயக்கம் வந்து தண்ணீர் தெளித்தார்கள்.

நடத்துநர் சொன்னார்: துரைக்கண்ணு சார் பத்திரிகையை முழுதும் படித்துவிட்டு, அதிலேயே முறுக்கு மடித்துக் கொடுத்தாராம். கரும்பலகையில் எதுவும் எழுதவில்லையாம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாம்.

ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் ஏனோ இன்னும் வந்து சேரவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

மே 25, சனி

கரும்பலகை இன்றும் காலி. நடத்துநரிடம் நான்தான் விசாரித்தேன். பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறார்களாம்.

அவர் தப்பாக எழுதியதை நிறுத்தியிருக்கிறார். நல்லதுதானே. நல்லதுதான்.

மே 27, திங்கள்

நித்திலாவின் குறுஞ்செய்தி: "நாளைக்கு மூணு மணிக்கு. அப்பாவும் வராரு. ஏணி ரெடி பண்ணி வைங்க."

மறுபடி ஏணி.

லீவு சொல்லிவிட்டேன். இளநீல முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தெர்மாமீட்டர் பார்க்க எதற்கு இஸ்திரி என்று அம்மா கேட்டார். தூசு வரக் கூடாது என்றேன். அவர் ஆவக்காய் ஜாடியைத் துடைத்துப் பைக்கு அருகில் வைத்தார்.

மே 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2.40க்குப் பேருந்து வந்தது. நித்திலா மஞ்சள் சுடிதார், தோளில் லேப் பை. பின்னால் துரைக்கண்ணு சார், வெள்ளை வேட்டி, என்னைப் பார்க்காமல் பேனரைப் பார்த்தார். "குட்டி ஊட்டி" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அவ்வளவுதான்.

செய்தி பரவி ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். பந்தல் மைக்கில் பலராமன், "அறிவியல் போட்டி நடைபெறுவதால் பொதுமக்கள் வரிசையில் நின்று மோர் வாங்கவும்" என்று அறிவித்தார்.

நித்திலா முதலில் நோட்டைத் திறந்தாள். "ரெண்டு மணிக்கு எங்க தெருவுல, வேப்பமர நிழல்ல, இந்தத் தெர்மாமீட்டர்ல 41. அப்பா கடை ஆணியில 43.3. அதாவது நூத்திப்பத்து. ஆக, அப்பா 2.3 ஜாஸ்தி."

துரைக்கண்ணு சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்க வேண்டாம்.

பிறகு பந்தலை விட்டுத் தள்ளி, பக்கத்துக் கல்யாண மண்டபச் சுவர் நிழலில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். கூட்டமும் நின்றது. மோர் உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"41" என்றாள். "உங்க பலகை?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சிவப்பு எண்கள்: 37.4.

"விளைவு" என்றேன். "இங்க மட்டும் குளிரும். நீ நின்னது விளைவுக்கு வெளியில." முதல் தடவையாக 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் வந்தது.

"விளைவு எத்தனை அடி?" என்றாள்.

அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

அப்போது மணி மூன்று. பலராமன் "கொஞ்சம் நகருங்கோ" என்று ரப்பர் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து கீற்றுக்கு மேலே, கம்பத்தைப் பார்த்து, சரமாரியாகப் பீய்ச்சி அடித்தார். பலகையில் 37.4 என்பது 37.2 ஆனது. 36.9. 36.7.

கூட்டத்தில் முதலில் சிரித்தது, மே 5 அன்று மூக்கு வழியாக சர்பத் விட்ட அதே மனிதர். இதற்காகவே வடகுன்றத்திலிருந்து வந்திருக்கிறார்.

ஏணியில் ஏறினேன். கீற்றை விலக்கினேன். என் வெள்ளைப் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கோணி மூட்டை. சொட்டச் சொட்ட நனைந்த சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு, முடிச்சும் போட்டிருந்தது. முடிச்சுக்கு மேல் கொஞ்சம் வெட்டிவேர் வேறு.

கீழிருந்து பலராமன், "நான்தான் தம்பி சுத்தனேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். "நாங்கல்லாம் மோர் குடிச்சிக்கினு நெழல்ல நிக்கறோம், ஒன் பொட்டி மட்டும் தனியா வெயில்ல வேவுதேன்னு மனசு கேக்கல. மிஷினுன்னாலும் நமக்காக ஒழைக்குது இல்ல? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா நானே தண்ணி அடிக்கறேன். வேற யாரையும் நம்பறதில்ல."

ஏணியின் உச்சியில் நின்றபடி மனதுக்குள் மூன்று விளக்கங்கள் தயாராயின. ஒன்று, கருவி சரியாகத்தான் காட்டியது. சாக்குக்குள் இருந்த வெப்பம் அதுதான். இரண்டு, பொருத்திய பிறகு மூன்றாம் நபர் தலையிட்டால் பொறியாளர் பொறுப்பல்ல. மூன்றாவது இப்போது நினைவில்லை. மூன்றுமே நல்ல விளக்கங்கள்.

கீழே பார்த்தேன். துரைக்கண்ணு சாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஏழெட்டுப் பேர் நடுவில் ஒரு மனிதர் நிற்கும்போது முகம் எப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதை அவருக்குத் தெரிய வைத்தவனே நான்தான். இங்கே அறுபது பேர்.

இறங்கினேன். பலராமன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"நான் சொன்னது தப்பு" என்றேன். மைக் கீச்சென்றது. "விளைவுன்னு ஒண்ணும் இல்ல. ஈரச் சாக்குதான். துரைக்கண்ணு சார் 2.3 தப்பு. நான் 3.6 தப்பு. நான் ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்க்கல."

கூட்டத்தில் பாதிப் பேர் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு டீக்கடைக்காரர், "அப்போ நம்ம ஊரும் நாப்பத்தியொண்ணா? நூத்தி அஞ்சரை வருதா?" என்று கேட்டார்.

"வருது."

விசில் பறந்தது. "குட்டி ஊட்டி" பேனரைக் கிழித்து இறக்கினார்கள். இவ்வளவு சந்தோஷமாக வெயிலில் வேகும் மக்களை நான் பார்த்ததில்லை.

துரைக்கண்ணு சார் என் அருகில் வந்தார். "தம்பி, கடைசியா சொன்னதை இன்னொரு தபா சொல்லுங்க. எனக்கு எவ்ளோ?"

"2.3."

"உங்களுக்கு?"

"3.6."

"அப்போ ரெண்டு பேர்ல கம்மியா தப்பு பண்ணது?"

"நீங்கதான் சார்."

"மைக்ல" என்றார்.

மைக்கில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஒரு டம்ளர் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அன்னிக்கி ஒரு ஊறுகாய் ஜாடி எடுத்துட்டு வந்தீங்களே, அது இருக்குதா?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது நித்திலாவிடம் கேட்டேன். "உனக்குப் பதினாறாம் தேதியே தெரியும். சொல்லியிருக்கலாம்."

"ஏணின்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"உங்கப்பா தெர்மாமீட்டர் தப்புன்னும் முன்னாடியே தெரியுமா?"

"எட்டாவது படிக்கறப்பவே."

"அவர்கிட்ட சொல்லவே இல்லியா? ஏன்?"

"நூத்திப்பத்துன்னு எழுதிட்டு, ரெண்டடி பின்னால வந்து நின்னு அதைப் பார்ப்பாரு. அப்போ அவர் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்" என்றாள். பேருந்தில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக எட்டி, "தேதி எழுதி வெச்சிக்கிட்டீங்களா?" என்றாள்.

எழுதி வைத்துக்கொள்கிறேன்: மே 28, மாலை 3.20.

மே 29, புதன்

தாம்பூலம் மாற்றியாயிற்று. வெற்றிலை வாடவில்லை.

மே 31, வெள்ளி

பேராசிரியருக்குச் செல்போனில் எழுதினேன். "ஈரம் இருந்தது, ஐயா." அவர் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று அனுப்பினார். அவருக்கு அது அனுப்பத் தெரியும் என்பதே செய்தி.

பெட்டியைச் சாக்கிலிருந்து விடுவித்துத் தாலுகா அலுவலகத் திடலில் மாற்றிவிட்டேன். பலராமன் கண் கலங்கினார். வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

நித்திலா வீட்டுக்கு ஓமப்பொடி வடாம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இருந்தது. அம்மா கொடுத்தனுப்பினார். நான் கேட்டு வாங்கவில்லை. சரி, கேட்டேன்.

வழியில் சர்பத் கடை. நித்திலா முன்பே சொல்லியிருந்தாள்: துரைக்கண்ணு மாமா ஆணியைப் பிடுங்கி வெளியே வேப்பமரத்தில் அடித்தாராம். மூன்று நாள் 104, 105 என்று உண்மையை எழுதினாராம். நடத்துநர் எட்டிப் பார்த்து, "வெயில் கொறஞ்சிருச்சுபா, போலாம் ரைட்" என்று விசில் அடித்துவிட்டாராம். ஒருவரும் இறங்கவில்லை. நான்காம் நாள் ஒரு பெரியவர் வந்து, "ஏன் துர, ஒடம்பு எதுனா சரியில்லியா?" என்று அக்கறையாக விசாரித்தாராம்.

இன்று பார்த்தேன். கரும்பலகையில் பெரிதாக, கீழே இரண்டு கோடு போட்டு, 110. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆணி பழைய இடத்தில். தெர்மாமீட்டர் அதில். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது.

மாமா ரோட்டில் இரண்டடி தள்ளி நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் மறைத்தாற்போல் நின்றுகொண்டார். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வெயில் எப்டி மாப்ள?" என்றார்.

"கொளுத்துது மாமா" என்றேன்.